கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் கடைசி வருடப் பிள்ளைகளுடையது. புதிதாக வாசிக்கிறவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் 28 வருடம் இருந்தேன். வீடு பட்டர்வொர்த். விடியற்காலை ஃபேக்டரி பஸ், பாலம் ஏறியதும் தூக்கம், இறங்கியதும் கண்ணாடித் தடுப்புக்கு உள்பக்கம் என் நாற்காலி. வேலைக்குச் சேர வருகிற பிள்ளைகள் வெளிப்பக்கம் நிற்பார்கள். நான் தாளை நீட்டினால் “எங்கே சைன் பண்ணணும் அக்கா?” என்று மட்டும் கேட்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அதில் இருவர் பின்னாளில் எனக்கே மேலாளராக வந்தார்கள், அது வேறு கதை.

கேள்வி: அக்கா, மின்னியல் பொறியியல் முடிக்கப் போகிறேன். இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. முதல் இடத்தில் அடிப்படைச் சம்பளமே 2,800 வெள்ளி. இரண்டாவது இடத்தில் மொத்தம் 2,850: அடிப்படை 1,900, போக்குவரத்து அலவன்ஸ் 950. ஐம்பது வெள்ளி கூட வருகிற இடத்துக்கே போ என்கிறார் அம்மா. கைக்கு எவ்வளவு வரும் என்றே எனக்குத் தெரியவில்லை. – கடைசி வருட மாணவி, கெலுகோர்

பதில்: அம்மா கூட்டிப் பார்த்திருக்கிறார். நாம் பிரித்துப் பார்ப்போம் தங்கச்சி.

முதல் வேலை. 2,800 வெள்ளியில் இபிஎஃப் என்கிற சேமநிதிக்கு உன் பங்கு 11 சதவீதம், 308 வெள்ளி. சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புச் சந்தா 13 வெள்ளி 75 காசு. சம்பளச் சீட்டில் இஐஎஸ் என்று ஒரு வரி இருக்கும், வேலையிழப்புக் காப்புறுதி, அது 5 வெள்ளி 50 காசு. பிசிபி என்கிற மாதாந்திர வரிப் பிடித்தம் இந்தச் சம்பளத்தில் உனக்கு வராது. ஆகக் கைக்கு 2,472 வெள்ளி 75 காசு.

இரண்டாவது வேலை. போக்குவரத்து அலவன்சுக்கு இபிஎஃப் கிடையாது, சொக்சோவும் கிடையாது. 1,900 வெள்ளிக்கு மட்டும்தான் பிடிப்பார்கள். இபிஎஃப் 209, மற்ற இரண்டும் சேர்த்து 13 வெள்ளிக்கு ஐந்து காசு குறைவு. கைக்கு 2,628 வெள்ளி சொச்சம். முதல் இடத்தைவிட 155 வெள்ளி அதிகம். அம்மாவின் ஐம்பது இப்போது நூற்றைம்பத்தைந்தாகிவிட்டது, அக்காவும் அம்மா கட்சி என்று முடிவு கட்டிவிடாதே. இன்னும் பாதிக் கணக்குதான் ஆகியிருக்கிறது.

5,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முதலாளி தன் பங்காக 13 சதவீதம் இபிஎஃபில் போட வேண்டும். முதல் இடத்தில் அது 364 வெள்ளி. உன் 308-ஐயும் சேர்த்தால் மாதம் 672 வெள்ளி உன் பெயரில் ஏறுகிறது. இரண்டாவது இடத்தில் 247-ம் 209-ம் சேர்த்து 456. மாதம் 216 வெள்ளி குறைவு, வருடத்துக்கு 2,592 வெள்ளி. 2024-க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.3 சதவீதம். அந்த ஈவும் இந்த 2,592-க்குக் கிடையாது. கையில் கூடுதலாக வருகிற 155-இல் 99 வெள்ளி உன் சொந்த இபிஎஃப் காசுதான், இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாறியிருக்கிறது. இபிஎஃபில் மாதாமாதம் 117 வெள்ளி மிச்சம் பிடிப்பவர் முதலாளி.

அப்புறம் ஓவர்டைம். மாதம் 4,000 வெள்ளி வரை வாங்குகிறவர்களுக்குச் சட்டப்படி உண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகு, வருவதை 8-ஆல் வகு, சாதாரண நாளென்றால் அதற்கு ஒன்றரை மடங்கு. 2,800-க்கு மணிக்கு 20 வெள்ளி 19 காசு. 1,900-க்கு 13 வெள்ளி 70 காசு, ஏனென்றால் போக்குவரத்து அலவன்ஸ் இந்தக் கணக்கிலும் சேராது. தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்க்காமல் யாரும் தப்பியதை நான் கண்டதில்லை. போனஸ் ‘இரண்டு மாதச் சம்பளம்’ என்பார்கள். பெரும்பாலும் அதுவும் அடிப்படைச் சம்பளம்தான்.

பினாங்கு தீவுக்குள் வேலைக்குப் போய்வர 950 வெள்ளி போக்குவரத்துச் செலவா? தினமும் ஈப்போவுக்கா போய்வரப் போகிறாய்? எதற்காக அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று இப்போது உனக்கே தெரியும்.

ஆனாலும் இரண்டாவது இடத்து வேலையே உனக்குப் பிடித்திருந்தால் ஒரு மின்னஞ்சல் போடு. “அலவன்சில் ஒரு பகுதியை அடிப்படைச் சம்பளத்தில் சேர்க்க முடியுமா?” என்று ஒரே வரி. கேட்டால் வேலையைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். என் 28 வருடத்தில், மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதற்காக யாருடைய வேலைக் கடிதத்தையும் திரும்ப வாங்கியதில்லை. “முடியாது” என்று சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான்.

கடிதத்தில் இன்னும் சிலவற்றைப் பார். ‘தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் இபிஎஃப்’ என்று யாராவது சொன்னால் அது சட்டமே இல்லை, முதல் மாதச் சம்பளத்திலிருந்தே போட வேண்டும். முதல் இரண்டு வருடத்தில் ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள், மருத்துவ விடுப்பு 14 நாள். வேலையை விட எத்தனை வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதைப் பார். ‘பயிற்சி தருகிறோம், இரண்டு வருடம் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை இருந்தால், பாதியில் போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற தொகை எழுத்தில் இருக்கிறதா என்று பார்.

இவ்வளவு பேசுகிற நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1988-இல் ஜார்ஜ்டவுனில் ஒரு சிறு நிறுவனம், பெயர் வேண்டாம். சம்பளம் 350 வெள்ளி. அப்போது இபிஎஃப் எங்கள் பங்கு 9 சதவீதம், முதலாளி பங்கு 11. மாதாமாதம் 31 வெள்ளி 50 காசு பிடித்தார்கள். நீல மையில் அழகாக எழுதிய சீட்டு, நான் கோப்பில் அடுக்கி வைப்பேன். பதினோரு மாதம் கழித்து வேறு வேலைக்குப் போகும்போதுதான் இபிஎஃப் அலுவலகத்தில் கேட்டேன். என் பெயரில் ஒரு காசு ஏறவில்லை. அவர்கள் பங்கையும் சேர்த்தால் 770 வெள்ளி. புகார் கொடுத்து, நடையாய் நடந்து, ஒரு பகுதிதான் கைக்கு வந்தது. மற்றதை அந்த முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு போனபோது கூடவே கொண்டுபோய்விட்டார்.

சீட்டில் பிடித்தம் என்று இருந்தால் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. உனக்கு அந்த அலைச்சல் வேண்டாம். ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும். 16-ஆம் தேதி கைப்பேசியில் இபிஎஃபின் ஐ-அக்காவுன் செயலியைத் திறந்து பார். ஏறவில்லையென்றால் முதலில் அலுவலகத்தில் கேள், பிறகு இபிஎஃபில் புகார் கொடு.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வீடு செபெராங் ஜெயா, வேலை பாயான் லெப்பாஸ். சம்பளம் 2,600. அப்பாவும் மாமாவும் “ஒரு மைவி கார் எடு, ஆம்பளைப் பிள்ளை எத்தனை நாள் பஸ்ஸில் போவாய்” என்கிறார்கள். முன்பணம் அப்பா தருகிறார். கடன் 45,000 வெள்ளி, 3 சதவீத ஃபிளாட் வட்டி, 9 வருடம். பிடிபிடிஎன் படிப்புக் கடன் மாதம் 190 வெள்ளி, அடுத்த வருடம் ஆரம்பிக்கிறது. எடுக்கலாமா? – புதுத் தொழில்நுட்பர், செபெராங் ஜெயா

பதில்: தம்பி, கார் விற்பவர் கால்குலேட்டரைத் தட்டி மாதத் தவணையை மட்டும் உன் பக்கம் திருப்பிக் காட்டியிருப்பார். முழுக் கணக்கு இது. 45,000-க்கு 3 சதவீதம் வருடத்துக்கு 1,350. ஒன்பது வருடத்துக்கு 12,150. மொத்தம் 57,150 வெள்ளி, 108 மாதம், மாதம் 529 வெள்ளி சொச்சம்.

ஃபிளாட் வட்டியில் உள்ள விஷயம், நீ கட்டக் கட்டக் கடன் குறைந்துகொண்டே வரும், வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முதல் நாள் வாங்கிய 45,000-க்கே ஓடும். குறைகிற கடனுக்கு ஏற்ற வட்டியாகக் கணக்குப் போட்டால் உன் 3 சதவீதம் ஐந்தரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வீட்டுக் கடன் வட்டியோடு ஒப்பிட்டு “மூணுதானே” என்று மாமா சொன்னால் இதைச் சொல்.

உனக்குக் கைக்கு வருவது 2,296 வெள்ளி. காருக்கு 529. பாலத்துக்கு டோல் தீவுக்குள் நுழையும்போது 5 வெள்ளி 74 காசு, மாதம் 22 நாள் என்றால் 126 சொச்சம். பிடிபிடிஎன் 190. இந்த மூன்றே 845 வெள்ளி. பெட்ரோல், காப்புறுதி, சாலை வரி, சர்வீஸ், டயர், பார்க்கிங் இன்னும் சேர்க்கவில்லை. வீட்டுக்குக் கொடுப்பது, சாப்பாடு, கைப்பேசிக் கட்டணம் பிறகு. எங்கள் தொழிற்சாலையில் இருபதாம் தேதிக்கு மேல் சம்பள முன்பணம் கேட்டு வருகிற பையன்கள் பெரும்பாலும் புதுக் கார் எடுத்த பையன்கள்தான். பார்க்கிங்கில் பளபளவென்று கார் நிற்கும், மதியம் கேன்டீனில் வெறும் மீயை வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருவான்.

உன் நிறுவனத்தில் ஃபேக்டரி பஸ் இருந்தால் ஒரு வருடம் அதில் போ. ஷிஃப்ட் மாறி மாறி வந்து பஸ் ஒத்துவராவிட்டால் ஒரு கப்சாய் மோட்டார். பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019-லிருந்து டோல் இல்லை. பாலத்துக் காற்றில் மோட்டாரா என்று அம்மா கவலைப்படுவார், அது நியாயமான கவலை. மழை நாளில் பஸ்ஸைத் தேடு. கார்தான் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றால், பழைய கார், சிறிய கடன், ஐந்து வருடத்துக்குள் முடிகிற தவணை.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து என்றால், கீறல்தானே என்று விடாதே. அது சொக்சோவில் வரும். அன்றைக்கே அலுவலகத்துக்குச் சொல், முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கிளினிக் ரசீது, போலீஸ் புகார் இரண்டையும் பத்திரமாக வை. வழியை விட்டு விலகி வேறெங்கோ போய் விழுந்தால் இழுபறியாகிவிடும்.

பிடிபிடிஎன் பற்றி ஒரு வார்த்தை. படிப்பு முடிந்து 12 மாதம் கழித்துக் கட்ட ஆரம்பித்தால் போதும் என்பது விதி. கட்டணம் வருடத்துக்கு 1 சதவீதம், இதைவிட மலிவான கடன் உனக்கு இனி வாழ்க்கையில் கிடைக்காது. அதற்காகத் தள்ளிப் போடாதே, சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லிவிடு, கண்ணில் படாத காசு கையை அரிக்காது. முதல் வகுப்பில் தேறியவர்களுக்குக் கடனைக் கழித்துவிடுகிற ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்குத் தகுதி விதிகள் உண்டு, விண்ணப்பிக்கக் காலக்கெடுவும் உண்டு. இதை வாசிக்கிற முதல் வகுப்புப் பிள்ளைகள் பட்டத்துக்குச் சட்டம் போடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

கேள்வி: போன மாதம் ஒரு பெண் பிள்ளைக்கு, “அண்ணன் கேட்டாலும் உன் பெயரில் கடன் எடுத்துக் கொடுக்காதே, சம்பளச் சீட்டையும் கொடுக்காதே” என்று எழுதியிருந்தீர்கள். கூடப் பிறந்தவனுக்கு உதவாத படிப்பு எதற்கு? குடும்பத்தைப் பிரிக்கிற ஆலோசனை வேண்டாம் அம்மா. – ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, நிபோங் தெபால்

பதில்: ஐயா, வணக்கம். நீங்கள் கிராணியாக இருந்தவர். சம்பள நாளன்று தோட்ட ஆபீஸ் வாசலில் கடனை வசூலிக்க யார் யார் நோட்டுப் புத்தகத்தோடு காத்திருப்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்களுக்கும்தான். அதனால் உங்களோடு வாதாட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

அண்ணனுக்கு உதவாதே என்று நான் எழுதவில்லை. மாதம் 200 வெள்ளி கொடுக்க முடிந்தால் கையில் கொடு, திரும்பி வராது என்று நினைத்துக் கொடு என்றுதான் எழுதினேன். காசு கொடுப்பது ஒன்று, கையெழுத்து கொடுப்பது வேறு. அந்தப் பெண்ணுக்கு வயது 23. அண்ணன் கேட்டது 30,000 வெள்ளி தனிநபர் கடன். அவர் பெயரில் வங்கி தரமாட்டேன் என்றதால் தங்கை பெயரில். அவருக்கு ஏன் தரமாட்டேன் என்கிறார்கள் என்று வங்கிக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியாது. மத்திய வங்கியான வங்கி நெகாராவின் சிசிரிஸ் கடன் பதிவில் யார் எந்தக் கடனை எந்த மாதம் கட்டினார், எந்த மாதம் விட்டார் என்று கடைசி 12 மாதமும் கட்டம் கட்டமாக நிற்கும். அண்ணன் இரண்டு மாதம் விட்டால் தங்கை பெயரில் நிற்கும். நாளைக்கு அவளுக்குக் கல்யாணமாகி ஒரு ஃபிளாட் வாங்கப் போகும்போது, அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் வங்கிக்காரன் பேசுவான்.

ஜாமீன் கையெழுத்து என்றாலும் சின்ன விஷயமில்லை. 2017-இல் சட்டம் மாறி, லாபம் பார்க்காமல் அடுத்தவருடைய படிப்புக் கடனுக்கோ சொந்த உபயோகக் காருக்கோ ஜாமீன் போட்டவரைத் திவாலாக்க முடியாது என்று வந்தது. நல்ல மாற்றம். ஆனால் கடனைக் கேட்டுக் கடிதம் வருவதும், வழக்கு வருவதும் நின்றுவிடவில்லை. ஓர் ஆசிரியைக்காக ஜாமீன் போட்ட எங்கள் ஆபரேட்டர் பெண் ஒருத்தி, நீதிமன்றக் கடிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் நீட்டிவிட்டு, “இதில் எங்கே அக்கா சைன் பண்ணணும்?” என்று கேட்டாள். பழக்கதோஷம்.

அந்த அண்ணனுக்கு உண்மையிலேயே கடன் தொல்லை என்றால் ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. வங்கி நெகாரா 2006-இல் ஆரம்பித்தது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றி அமைத்துத் தருவார்கள். வட்டி முதலையிடம் போவதற்கு முன்னால் அங்கே ஒரு தடவை போகட்டும். தங்கையும் கூடப் போகட்டும். பிரிக்கிற ஆலோசனை என்று நீங்கள் சொன்னீர்களே, அதற்காகத்தான் இதைச் சேர்த்தேன்.

கேள்வி: டெலிகிராமில் ஒரு பகுதிநேர வேலை. என் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கொடுத்தால் மாதம் 500 வெள்ளி தருவார்களாம். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். – பாலிடெக்னிக் மாணவன்

பதில்: வேண்டாம். அது வேலை இல்லை, ஏமாற்றுக்காரர்கள் திருடிய காசைக் கடத்த உன் பெயரை வாடகைக்குக் கேட்கிறார்கள். ‘கழுதைக் கணக்கு’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள், பாரம் உன் முதுகில். 2024-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, தன் கணக்கை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். “எனக்கு ஒன்றும் தெரியாது” என்பது எடுபடாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டாயா? இதை மூடி வைத்துவிட்டு வங்கிக்குப் போ, கணக்கை முடக்கச் சொல், போலீஸில் புகார் கொடு. உன் காசே பறிபோனால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்குக் கூப்பிடு.

கேள்வி: நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். கணக்கியல் கடைசி செமஸ்டர். புரியும், எழுதுவேன், ஆனால் நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் பேச ஆரம்பித்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மூன்று இடத்தில் போய்த் திரும்பிவிட்டேன். – செந்தூல், கோலாலம்பூர்

பதில்: எங்கள் நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு நடக்கும்போது, குறிப்பு எடுக்க என்னை மூலையில் உட்கார வைப்பார்கள். அதனால் நாக்கு ஒட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இலக்கணத்தில் தடுமாறியவர்களுக்கு வேலை கிடைக்காமல் போனதைவிட, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தவர்களுக்குக் கிடைக்காமல் போனதுதான் அதிகம்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் பிள்ளைகள் அப்பா லாரி ஓட்டுநர், நான் வீட்டில் மூன்றாவது என்று ஆரம்பிப்பார்கள். அது பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வது. இங்கே மூன்று வாக்கியம் போதும்: என்ன படித்தேன், பயிற்சியில் என் கையால் என்ன செய்தேன், அதில் எது தப்பாகிப் போய் எப்படிச் சரிசெய்தேன். மூன்றாவது வாக்கியம்தான் முக்கியம். ஒரு பெண், நிபோங் தெபால் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளை, தன் இறுதியாண்டுத் திட்டத்தைச் சொல்ல வார்த்தை வராமல் நின்றாள். பிறகு என்னிடமிருந்த தாளையும் பேனாவையும் கேட்டு வாங்கி வரைய ஆரம்பித்தாள். வரைந்துகொண்டே பேசினாள், அவளே அறியாமல் ஆங்கிலம் வந்தது. மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாளை நான் அவளுடைய கோப்பிலேயே வைத்தேன்.

நீ கணக்கியல். பயிற்சிக் காலத்தில் எந்த லெட்ஜர் ஒத்துப்போகவில்லை, எத்தனை காசு வித்தியாசம், எங்கே கண்டுபிடித்தாய் என்பதை இன்றைக்கே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிப் பார். கண்ணாடி முன்னால் வேண்டாம், வெட்கம் வரும். அரிசி கழுவும்போது சொல்.

“எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?” என்பதற்கு “கொடுக்கிறதைக் கொடுங்கள்” என்று சொல்லாதே. ஒரு தொகை சொல். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்து வை. சொக்சோ நடத்துகிற மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் அதே வேலைக்கு என்ன விளம்பரம் செய்கிறார்கள் என்று பத்துப் பார்த்தால் தெரியும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பட்டதாரிக்கு அதையே நீட்டுகிற இடமும் இருக்கிறது, எழுந்து வரத் தயங்காதே. கோலாலம்பூரில் இருக்கிறாய், மாதம் 50 வெள்ளி மை50 அட்டையில் ரயிலும் பஸ்ஸும் போகிற தூரம் எல்லாம் உன் வேலைத் தூரம்தான். செந்தூலைச் சுற்றியே தேடாதே.

அப்புறம், அந்தச் சுயவிவரக் குறிப்பு. அனுப்பியிருந்தாய், பார்த்தேன். அடையாள அட்டை எண், அப்பாவின் அடையாள அட்டை எண், மதம், உயரம், எடை எல்லாம் இருக்கிறது. எடு. மின்னஞ்சல் முகவரியில் ‘ஏஞ்சல்’ வேண்டாம்.

கேள்வி: பேரங்காடியில் நிறுத்தி கிரெடிட் கார்டு எடுக்கச் சொல்கிறார்கள், இலவசப் பயணப் பெட்டி தருகிறார்களாம். மாதம் 2,100 வெள்ளி வாங்குகிறேன். – ஆயர் ஈத்தாம்

பதில்: வருடம் 24,000 வெள்ளி வருமானம் இருந்தால் தரலாம் என்பது விதி, நீ அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு அடிதான் வைத்திருக்கிறாய், அதற்குள் பிடித்துவிட்டார்கள். முழுத் தொகையையும் ஒவ்வொரு மாதமும் கட்ட முடியுமென்றால் எடு. குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டினால் போதும் என்று சொல்வார்கள், மீதிக்கு வட்டி வருடத்துக்கு 15-இலிருந்து 18 சதவீதம் வரை. பெட்டி வேண்டுமென்றால் பெட்டிக் கடையில் நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும்.

கேள்வி: முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வாங்கித் தரலாம் அக்கா? – பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: சேலை என்றால் விலைச்சீட்டைக் கிழித்துவிட்டுக் கொடு, இல்லையென்றால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்வார்.

நான் சேலை வாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்துச் சில்லறைக் கடையில் அம்மாவுக்கு ஒரு 555 புத்தகம் இருந்தது. இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியுமோ என்னவோ, சட்டைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு, கடன் சொல்லி வாங்குகிற அரிசி, மீன்டின், மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். அந்த 350-இல் முதலில் அதைத் தீர்த்தேன். 64 வெள்ளி சொச்சம். கடைக்காரர் சிவப்புப் பேனாவில் குறுக்கே ஒரு கோடு போட்டு, புத்தகத்தை என்னிடம் கொடுத்து, ஒரு பொட்டலம் முறுக்கும் கொடுத்தார். அம்மா முறுக்கை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, கோடு போட்ட புத்தகத்தை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவைத்தார். அடுத்த வாரம் புதுப் புத்தகம் ஒன்று ஆரம்பமாகிவிட்டது, அதை எனக்குச் சொல்லவில்லை.